கொழந்தைக்கு ஊசி போட்டாச்சா?

2025 மே மாசக் கடைசி. மாங்கா சீசன். தோட்டத்துல பெங்களூரா லோடு ஏத்தி விட்டுட்டு (வெலைய பத்தி மட்டும் கேக்காதீங்க) ராத்திரி வீட்டுக்கு வந்து போனை எடுத்தா, ஹூஸ்டன்லருந்து அக்கா வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பி வச்சிருக்கார். அமெரிக்க சுகாதார மந்திரி ராபர்ட் கென்னடி எக்ஸ்ல போட்டது, ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆரோக்கியமா இருக்கற கொழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கோவிட் ஊசி போடுங்கன்னு சொல்ற பரிந்துரையை எடுத்துடறோம்னு சொல்றார். கீழ மாமா எழுதியிருக்கார்: "பாத்தியா மாப்ள, கடைசியில நாங்களும் உங்க வழிக்கே வந்துட்டோம்."

நியாயமா பாத்தா நான் குதிச்சிருக்கணும். 2021லருந்து எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல ஓடின சண்டை இது. கொழந்தைங்களுக்கு கோவிட் ஊசி போடணுமா வேணாமா, எந்த வயசுலருந்து போடணும், எந்த நாடு சொல்றது சரி. அந்தக் காலத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிச்சு பதில் போட்டவன் நான். இன்னைக்கு எதிராளியே வந்து தோத்துட்டேன்னு சொல்றார், எனக்கு என்னமோ சந்தோஷமே வரல. ரெண்டு நாள் பதிலே போடல. ஏன் போடலைன்னு யோசிச்சு யோசிச்சு, சரி எழுதியே பாத்துடலாம்னு உக்காந்திருக்கேன்.

மொதல்ல யார் யார் எங்கன்னு சொல்லிடறேன். நான் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், ஓசூர்ல வேலை, லாக்டவுன்ல வீட்டுக்கு வந்தவன் அப்படியே பாதி நாள் தோட்டம் பாதி நாள் கம்பெனின்னு ஆயிட்டேன். அக்கா ஹூஸ்டன், ரெண்டு பசங்க. சித்தப்பா பையன் ஸ்வீடன்ல கோத்தன்பர்க், ஒரே பொண்ணு. எனக்கு 2009ல பொறந்த பொண்ணு ஒண்ணு, அப்புறம் நெடுநாள் கழிச்சு 2020 ஜூன்ல, ஊரே பூட்டிக் கெடந்தப்ப பொறந்த பையன் ஒண்ணு. ஆக மூணு கண்டத்துல அஞ்சு பசங்க. அந்த அஞ்சு பேரும் ஒரே ரத்தம், ஒரே மூக்கு, சளி புடிச்சா ஒரே மாதிரி இழுக்கற நெஞ்சு. ஆனா கோவிட் ஊசி விஷயத்துல ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு சட்டம்.

மே 2021, ஒரே வாரம்

2021 மே 10ஆம் தேதி அமெரிக்காவுல 12லருந்து 15 வயசுப் பசங்களுக்கு ஃபைசர் ஊசிக்கு அனுமதி குடுத்தாங்க. அக்காவோட பெரியவனுக்கு அப்ப 13. அந்த வாரமே மளிகைக் கடை மாதிரி இருக்கற ஒரு மருந்துக் கடைக்குள்ள போய் போட்டுக்கிட்டு வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டி போட்டோ. க்யூ இல்லை, டோக்கன் இல்லை. அதே வாரம் இங்க எங்க தாய்மாமன், வயசு 58, சர்க்கரை இருக்கு, காலையில அஞ்சு மணிக்கு பி.ஹெச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) வாசல்ல போய் துண்டு போட்டு எடம் புடிச்சு நின்னார். அம்பது டோக்கன்தான், அவர் அம்பத்தி மூணாவது ஆள். மறுநாள் போனார், கேட்டுல சாக்பீஸால "ஸ்டாக் இல்லை"ன்னு எழுதியிருந்தது. மூணாவது நாள் ஜுரம் வந்திடுச்சு. பதினோரு நாள் ஆக்சிஜன்ல இருந்து பொழைச்சு வந்தார். இன்னைக்கும் மாடிப்படி ஏறினா நாலாவது படியில நின்னு மூச்சு வாங்குவார், கூட வர்றவங்க கிட்ட ஏதோ பேச நின்ன மாதிரி காட்டிக்குவார்.

உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் அந்த மே 14ஆம் தேதி என்ன சொன்னார்னா, பணக்கார நாடுங்க சின்னப் பசங்களுக்கு போடறதை மறுபடி யோசிங்க, அந்த ஊசிய கோவாக்ஸ்ங்கற உலகப் பங்கீட்டுத் திட்டம் வழியா ஏழை நாடுகளுக்கு குடுங்கன்னு. மொத்த சப்ளையில 0.3 சதவீதம்தான் ஏழை நாடுகளுக்கு போகுதுன்னு கணக்கும் சொன்னார். நான் அதை எடுத்து குரூப்புல போட்டேன். போட்ட நேரம் சரியில்ல, தாய்மாமன் வார்டுல கெடக்கறப்ப போட்டேன். அக்கா அழுதுட்டா. "நான் என் புள்ளைக்கு போட்டதாலதான் மாமாவுக்கு கெடைக்கலைன்னு சொல்றியாடா"ன்னு கேட்டா. அப்படி சொல்லலைதான். ஆனா அப்படி நெனைக்கலையான்னு கேட்டா, பொய் சொல்ல முடியாது, நெனைச்சேன். அவ போடலைன்னா அந்த ஒரு டோஸ் கப்பலேறி பாலக்கோட்டுக்கு வந்திருக்காதுன்னு புத்திக்குத் தெரியும். நெனைப்பு புத்திய கேட்டுக்கிட்டா வருது.

அப்படித்தான் ஆரம்பிச்சது. அதுலருந்து ஒவ்வொரு நாடும் என்ன பண்ணுதுன்னு கிரிக்கெட் ஸ்கோர் பாக்கற மாதிரி பாக்க ஆரம்பிச்சேன். கியூபா 2021 செப்டம்பர்ல சொந்தமா தயாரிச்ச சொபரானா ஊசிய 2 வயசுலருந்தே போட்டுச்சு. சீனா 3 வயசுலருந்து. அமெரிக்கா நவம்பர் ஆரம்பத்துல 5லருந்து 11 வயசுக்கு, பெரியவங்க டோஸ்ல மூணுல ஒரு பங்கு, 10 மைக்ரோகிராம். அக்காவோட சின்னவன் ஏழு வயசு, கையில டைனோசர் படம் போட்ட பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு சிரிச்சான். டென்மார்க்கும் நவம்பர் கடைசியில அதே வயசுக்கு ஆரம்பிச்சாங்க. அங்கிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கற ஸ்வீடன்ல, 2022 ஜனவரி 27ஆம் தேதி, ஆரோக்கியமா இருக்கற 5லருந்து 11 வயசுப் பசங்களுக்கு பொதுவா போடச் சொல்ல மாட்டோம், ஏற்கனவே பெரிய நோய் இருக்கற பசங்களுக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க. சித்தப்பா பையன் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவன் நிம்மதியா இருந்தான், அவன் பொண்டாட்டி நிம்மதியா இல்ல. அவங்க கூட வேலை செய்யற டேனிஷ்காரர் தன் மகனுக்கு போட்டுட்டாராம், ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கற பாலம் தாண்டினா வேற அறிவியலா அண்ணான்னு என்னைக் கேட்டாங்க. நல்ல கேள்வி. ஓசூர் தாண்டி கர்நாடகாவுல அத்திப்பள்ளி போனா மாஸ்க்குக்கு அபராதம் மாறிப்போன காலத்துல நாங்களும் இதே கேள்விய கேட்டிருக்கோம்.

பத்து நாள்ல மாறின பதில்

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது பிரிட்டன் கதை. அங்க ஊசிய பத்தி அரசுக்கு ஆலோசனை சொல்ற குழு ஒண்ணு இருக்கு, ஜே.சி.வி.ஐ. 2021 செப்டம்பர் 3ஆம் தேதி அவங்க, 12லருந்து 15 வயசுல ஆரோக்கியமா இருக்கற பசங்களுக்கு பலன் ஆபத்தை விட கொஞ்சூண்டு தூக்கலா இருக்கு, ஆனா எல்லாருக்கும் போடுங்கன்னு சொல்ற அளவுக்கு இல்லைனு சொல்லிட்டாங்க. ஆபத்துன்னு அவங்க பாத்தது, ஃபைசர் மாதிரி எம்.ஆர்.என்.ஏ வகை ஊசிக்கு அப்புறம் அபூர்வமா, அதுவும் வாலிபப் பசங்களுக்கு வர்ற இதயத் தசை வீக்கம். சரியா பத்தே நாள்ல, செப்டம்பர் 13ஆம் தேதி, நாலு பிரதேசத்தோட தலைமை மருத்துவ அதிகாரிகளும் சேர்ந்து, ஒரு டோஸ் போடலாம்னு சொன்னாங்க. அதே ஊசி, அதே பசங்க. என்ன மாறிச்சுன்னா, மொத குழு உடம்பை மட்டும் பாத்துச்சு, இவங்க பள்ளிக்கூடத்தையும் சேர்த்துப் பாத்தாங்க. பசங்க கிளாஸை விட்டு வீட்டுல உக்கார்ற நாளையும் ஒரு நோவாக் கணக்குல எடுத்தாங்க.

பள்ளிக்கூடம் போகாததை ஒரு நோவுன்னு எடுத்துக்கிட்டா எங்க ஊர் பசங்கதான் உலகத்துலயே பெரிய நோயாளிங்க. 2020 மார்ச்சுல மூடினது. ஒன்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும், 2021 ஆரம்பத்துல கொஞ்ச நாள் தெறந்து மூடினது போக, மறுபடி தெறந்தது 2021 செப்டம்பர் 1, ஒண்ணுலருந்து எட்டு நவம்பர் 1. சின்னப் பசங்களுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல. ஸ்வீடன்ல சின்ன வகுப்புங்கள மூடவே இல்ல, அதனால அங்க ஊசி போட்டாத்தான் பள்ளிக்கூடம்ங்கற பேச்சே எழல. இங்க? கல்வித் தொலைக்காட்சி இருந்துச்சு, வீட்டுல கரண்டும் டிவியும் ஒரே நேரத்துல இருந்தா. எங்க தெருவுல எட்டாவது படிச்ச பையன் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு பெட்டி தூக்கப் போனவன், திரும்ப பள்ளிக்கூடம் வரல. பின்தெருவுல பத்தாவது படிச்ச பொண்ணுக்கு கோயில்ல வச்சு ராத்திரியோட ராத்திரியா தாலி கட்டிட்டாங்க. தர்மபுரி கிருஷ்ணகிரின்னா இதெல்லாம் ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா பள்ளிக்கூடம் தெறந்திருந்தா வாத்தியாராவது ஒருத்தர் ஏம்மா வரலைன்னு கேட்டிருப்பார்.

ஊசி வராமயேதான் நம்ம பள்ளிக்கூடம் தெறந்துச்சு. அதுக்கு ஒரு நியாயமும் இருந்துச்சு. 2021 ஜூன், ஜூலையில ஐ.சி.எம்.ஆர்ங்கற மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடத்தின நாலாவது செரோ சர்வேயில, அதாவது ரத்தத்தை எடுத்துப் பாக்கற கணக்கெடுப்புல, 6லருந்து 9 வயசுப் பசங்கள்ல 57.2 சதவீதம், 10லருந்து 17 வயசுல 61.6 சதவீதம் பேர் ரத்தத்துல நோயை எதிர்க்கற ஆன்டிபாடி ஏற்கனவே இருந்துச்சு. அதாவது பாதிக்கு மேல பசங்களுக்கு, ஊசிக்கு முன்னாடியே நோயே வந்து பாடம் நடத்திட்டுப் போயிருச்சு. ஐ.சி.எம்.ஆர் தலைவரா இருந்த பல்ராம் பார்கவா அப்பவே, தெறக்கறதா இருந்தா மொதல்ல ஆரம்பப் பள்ளிங்கள தெறங்கன்னு சொன்னார். நாம தலைகீழா பெரிய கிளாஸை மொதல்ல தெறந்தோம், அது வேற விஷயம்.

இதையெல்லாம் வச்சுத்தான் நான் குரூப்புல வாதாடுவேன். ஸ்வீடன் சொல்றது சரி, நம்ம நாடு அவசரப்படாம இருக்கறது சரி, அமெரிக்கா ஊசி நெறைய கையில இருக்கறதால போடுதுன்னு. அக்கா, அங்க மட்டும் கொழந்தைங்க சாகலையா, நீ வந்து இங்க ஆஸ்பத்திரியில பாருன்னு சொல்வா. அவ சொல்றதும் உண்மைதான். ரெண்டு பேரும் உண்மையவே பேசிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் கோவமா இருந்தோம்.

நான் யாருன்னும் சொல்லிடறேன்

இங்க ஒண்ணை மறைச்சா இந்தக் கட்டுரை பொய்யாப் போயிடும். 2017 பிப்ரவரியில தமிழ்நாடு முழுக்க 9 மாசத்துலருந்து 15 வயசு வரைக்கும் எல்லாப் பசங்களுக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, எம்.ஆர் ஊசின்னு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போட்டாங்களே, ஞாபகம் இருக்கா. வாட்ஸப்புல ஒரு ஆடியோ சுத்துச்சு. வெளிநாட்டுச் சதி, பின்னாடி கொழந்தை பொறக்காது, பரிசோதனை எலி, இப்படி. படிச்சவன், கம்பெனியில வேலை செய்யறவன், நான் அந்த ஆடியோவ நம்பி, ரெண்டாவது படிச்சிட்டிருந்த என் பொண்ணை அன்னைக்கு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. வயித்து வலின்னு லீவு லெட்டர் குடுத்தேன். எங்க அம்மா திண்ணையில உக்காந்து கேழ்வரகு பொடைச்சுக்கிட்டே, "எங்களுக்கு அம்மை குத்த வந்தப்ப நாங்களும் இப்படித்தான் சோளக்காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சோம், காலைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து குத்தினாங்க"ன்னு சொல்லி ஜாக்கெட் கையை மேல ஏத்தி தழும்பைக் காட்டுச்சு. நாலணா காசு அளவுல பள்ளமா ரெண்டு வட்டம். அந்தத் தழும்பு இருக்கற தலைமுறையோட பெரியம்மையே ஊரை விட்டுப் போச்சு. எனக்கு அன்னைக்கு அது உறைக்கல. ரொம்பப் பேரு என்னைப் போலவே பண்ணினதால தேதியை நீட்டிச்சாங்க, நீட்டிச்ச பிறகு பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு பாத்துட்டு கூட்டிக்கிட்டுப் போய் போட்டோம். முன்ன பின்ன மூணு வாரம்.

அந்த ஆள்தான் நாலே வருஷத்துல டென்மார்க், ஸ்வீடன்னு நாடு நாடா பேசிக்கிட்டு இருந்தான். பாக்கறவங்களுக்கு சிரிப்பு வரணும்.

2022 ஜனவரி 3ஆம் தேதி நம்ம நாட்டுல 15லருந்து 18 வயசுக்கு கோவாக்சின் ஆரம்பிச்சாங்க. என் பொண்ணுக்கு வயசு பத்தல. மார்ச் 16ஆம் தேதி 12லருந்து 14க்கு ஆரம்பிச்சப்ப, ஏழாவது படிச்சிட்டிருந்த அவ பள்ளிக்கூடத்துக்கே கேம்ப் வந்துச்சு. ஊசி பேரு கோர்பிவேக்ஸ். தயாரிப்பு ஹைதராபாத் பயாலஜிக்கல் ஈ. ஆனா அதோட வித்து எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா ஹூஸ்டன். அக்கா இருக்கற அதே ஹூஸ்டன், டெக்சாஸ் சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரியில பீட்டர் ஹோட்டஸ், மரியா எலீனா பொட்டாஸின்னு ரெண்டு பேரோட குழு, காப்புரிமை வாங்காம, யாரு வேணா செஞ்சுக்கங்கன்னு குடுத்த ஊசி. ஈஸ்ட்டுல புரதம் வளக்கற பழைய முறை, ஹெபடைடிஸ் பி ஊசிய செய்யற வழிதான். ஹூஸ்டன் ஊசி ஹூஸ்டன்ல போட அனுமதி இல்ல, பாலக்கோட்டுல போடறாங்க. அக்கா கிட்ட இதை சொன்னப்ப ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சா.

மார்ச் மாசத்து வெயில், பள்ளிக்கூட வராண்டா

அன்னைக்கு பொண்டாட்டி நூறு நாள் வேலைக்குப் போயிருந்ததால நான் சின்னவனையும் வண்டியில முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு போனேன். அவனுக்கு ஒண்ணே முக்கால் வயசு, இடுப்புல இருந்து எறங்க மாட்டான். வராண்டாவுல ரெண்டு மேசை. ஒண்ணுல டீச்சர் ஆதார் நம்பரை போன்ல ஏத்திக்கிட்டு இருக்காங்க, நெட் வேற சுத்துது. இன்னொண்ணுல நர்சம்மா, பக்கத்துல நீல ஐஸ் பெட்டி. ஒரு பாட்டில் ஒடைச்சா பல பேருக்கு போடணும், வேஸ்ட் ஆகக்கூடாதுன்னு ஆள் சேர்ற வரைக்கும் ஒடைக்காம காத்துக்கிட்டு இருந்தாங்க. வரிசையில நின்ன பசங்க ஒருத்தனை ஒருத்தன் பயமுறுத்தி சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க, சிரிச்சா பாதிப் பேருக்கு பல்லு பழுப்பா கோடு கோடா. எங்க மாவட்டத்து ஃப்ளோரைடு தண்ணி பண்ணின வேலை. ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகு கொஞ்சம் பரவால்ல. அந்தப் பல்லுக்காக எந்த நாட்டுலயும் குழு கூடினதா எனக்குத் தெரியல, சும்மா சொன்னேன்.

காத்துக்கிட்டிருந்த நேரத்துல நான் தமிழ் வாத்தியாரைப் புடிச்சு வச்சுக்கிட்டு பேசிக்கிட்டு இருந்தேன். "ஸ்வீடன்ல எல்லாம் இந்த வயசுக்கு கீழ போடவே மாட்டேங்கறான் சார், பிரிட்டன்ல பாத்தீங்கன்னா..." கொஞ்சம் சத்தமாவே பேசியிருப்பேன் போல. நர்சம்மாவுக்கு எங்க ஊரு இருபது வருஷப் பழக்கம், ரிடயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருக்கும், எல்லாரையும் தம்பின்னுதான் கூப்பிடும். சிரிஞ்ச் பாக்கெட்டை பிரிச்சுக்கிட்டே தலைய நிமிராம கேட்டுச்சு: "ஏந்தம்பி, இடுப்புல இருக்கறவனுக்கு ஒன்றரை வயசு ஊசி போட்டாச்சா?"

எனக்கு மொதல்ல கேள்வியே புரியல. "இவனுக்கு இன்னும் கோவிட் ஊசி வரலையேக்கா"ன்னேன். நர்சம்மா இப்பதான் நிமிந்து பாத்துச்சு. "கோவிட்டை யாரு கேட்டா. ஒன்பதாம் மாசம் தட்டம்மை போட்டீங்க இல்ல, அதுக்கு அடுத்தது. பதினாறு மாசத்துல எம்.ஆர் ரெண்டாவது, முத்தடுப்பு பூஸ்டர், சொட்டு மருந்து. போட்டாச்சா?"

போடல. போடலைங்கறதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். பையன் பொறந்தது காவேரிப்பட்டணம் பக்கம், பொண்டாட்டி அம்மா வீட்டுல. மொத ஊசியெல்லாம் அங்க. ஊசி போட்ட அட்டையும் அங்க, பீரோவுல. ஒன்பதாவது மாசம் அங்க இருந்தப்ப போட்டதோட சரி, அப்புறம் ரெண்டாவது அலை, அப்புறம் இங்க வந்துட்டோம். அந்த ஊர் நர்சு நோட்டுல பையன் பேரு இருக்கு, ஆள் இல்ல. இந்த ஊர்ல ஆள் இருக்கான், நோட்டுல பேரு இல்ல. அங்க இருக்கறவங்க பாலக்கோட்டுல போட்டிருப்பாங்கன்னு நெனைப்பாங்க, இங்க யாருக்கும் இவன் இருக்கறதே தெரியாது. டேனிஷ்காரன் மகனுக்கு எந்த மாசம் எந்த ஊசின்னு எனக்குத் தெரியும்.

நர்சம்மா பையிலருந்து நீட்டு நோட்டு ஒண்ணை எடுத்துச்சு. அட்டை பிஞ்சு பிளாஸ்டிக் டேப் போட்டு ஒட்டினது. வரிசைக்கு ஒரு கொழந்தை, அம்மா பேரு, அப்பா பேரு, பொறந்த தேதி, அப்புறம் கட்டம் கட்டமா. போட்ட தேதி நீல மையில, போட வேண்டிய தேதி பென்சில்ல. 2019ல பொறந்தவங்க பக்கம் நீல மை நெறைஞ்சு இருந்துச்சு. 2020 பக்கத்தைப் புரட்டினா நடு நடுவுல காலிக் கட்டம், பென்சில் தேதி மட்டும், சிலது அழிச்சு அழிச்சு மறுபடி எழுதினது. "எல்லாம் உன்ன மாதிரிதான். ஊரடங்குல அம்மா வீட்டுக்குப் போனது, பெங்களூர் போனது, ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா வரும்னு வராதது. புதன்கிழமை ஆனா வாசல்ல நின்னு கத்தினாத்தான் ஒண்ணு ரெண்டு வருது. நானும் எத்தனைன்னு பாப்பேன், ஞாயித்துக்கிழமை மெகா கேம்ப், மறுநாள் அதோட டேட்டா, அப்புறம் வீடு வீடா ஜுரம் பாக்கறது." குறையாச் சொல்லல, கணக்கு சொல்ற மாதிரி சொல்லுச்சு. அப்புறம் நோட்டோட கடைசிப் பக்கத்துல, "வெளியூர்"னு தலைப்பு போட்ட எடத்துல என் பையன் பேரை எழுதி, கட்டத்துல பென்சிலால அடுத்த புதன்கிழமை தேதியைப் போட்டுச்சு. "ரெண்டு வயசுக்குள்ளதான், டைம் இருக்கு. அட்டைய எடுத்துக்கிட்டு வந்துடு. பதினேழுல பொண்ணுக்கு வயித்து வலி வந்த மாதிரி இவனுக்கு வந்துடப் போவுது."

அஞ்சு வருஷம் ஆகியும் ஞாபகம் வச்சிருக்கு. வாத்தியார் சிரிச்சிட்டார். நான் சிரிக்கற மாதிரி பண்ணினேன்.

அந்தப் புதன்கிழமை போனோம். தொடையிலயும் கையிலயும் போட்டதுல சின்னவன் பி.ஹெச்.சி வேப்பமரத்துல இருந்த காக்கா எல்லாம் பறக்கற அளவுக்கு கத்தினான். ஜுர மருந்து ஒரு சின்ன பாட்டில் குடுத்தாங்க. உக்காந்து அரை மணி நேரம் கழிச்சுத்தான் விட்டாங்க, ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டதுக்கு நர்சம்மா 2008ஐ சொல்லுச்சு. அந்த வருஷம் திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட அன்னைக்கே நாலு கொழந்தைங்க செத்துப்போச்சு. அதுக்கப்புறம் கிராமத்துல போய் போடறதை நிறுத்தி, டாக்டர் இருக்கற பி.ஹெச்.சியிலதான் போடணும்னு ஆக்கினாங்க. பாதுகாப்புக்குன்னு பண்ணினது, ஆனா மலைமேல இருக்கறவங்க, கூலிக்குப் போறவங்க எல்லாம் வராம போனாங்க. "அப்பவும் இதே மாதிரிதான் கட்டம் காலியா இருந்துச்சு, ஏத்தறதுக்கு பல வருஷம் ஆச்சு"ன்னு சொல்லுச்சு. ஊசிக் கொள்கைன்னா அறிக்கையில இருக்கறதுன்னு நெனைச்சிட்டிருந்தேன். ஒரு கொழந்தைக்கு ஆன பயத்துக்கு இன்னொரு கொழந்தை எப்படி காசு குடுக்குதுங்கறதை இந்தம்மா பென்சிலும் ரப்பருமா பாத்துக்கிட்டு இருந்திருக்கு.

நாலு மாசம் கழிச்சு, 2022 ஜூலையில, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 2021ல மட்டும் உலகத்துல 2.5 கோடி கொழந்தைங்க முத்தடுப்பு ஊசியில ஒரு டோஸாவது விட்டிருக்காங்க, முப்பது வருஷத்துல இவ்ளோ பெரிய சரிவு இல்லைனு. முன்னாடியா இருந்தா அதையும் எடுத்து குரூப்புல போட்டு யாரையாவது குத்திக் காட்டியிருப்பேன். என் பையனும் ஊசிய விட்டவன்தானேன்னு தோணுச்சு, போடல. அந்த வருஷக் கடைசியிலயே மும்பையில தட்டம்மை பரவி கொழந்தைங்க செத்த செய்தி வந்துச்சு.

சரி, அந்த பழைய சண்டைக்கு வர்றேன். யார் சரி? இன்னைக்கும் எனக்கு டென்மார்க் மேல மரியாதை உண்டு. 2022 ஜூன்ல அவங்க சுகாதார ஆணையத் தலைவர் சோரன் ப்ரோஸ்ட்ரோம் டிவியில, இப்ப தெரிஞ்சதை வச்சு பாத்தா 5லருந்து 11 வயசுக்கு போட்டதுல பெரிய பலன் இல்லைன்னும், அன்னைக்கு கையில இருந்த விவரத்தை வச்சு எடுத்த முடிவு அதுன்னும் சொன்னார். அந்த ஜூலையிலருந்து 18 வயசுக்கு கீழ பொதுவா மொத டோஸ் போடறதை நிறுத்தினாங்க. ஸ்வீடன் காரணத்தை சொல்லிட்டு வேணாம்னுச்சு. பிரிட்டன் வேணாம்னதுக்கும் வேணும்னதுக்கும் காரணம் எழுதி வச்சிருக்கு. நம்ம ஊர்ல 2022 ஏப்ரல் 26ஆம் தேதி கோவாக்சினை 6லருந்து 12க்கும், கோர்பிவேக்ஸை 5லருந்து 12க்கும் போடலாம்னு அனுமதி குடுத்தாங்க. அதோட சரி. அரசுத் திட்டத்துல அந்த வயசுக்கு வரவே இல்ல. வரலைங்கறது தப்புன்னு நான் சொல்லல, அநேகமா சரிதான், பாதிக்கு மேல பசங்களுக்கு வந்து போன நோய் அது. ஆனா வேணாம்னு முடிவு பண்ணினாங்களா, முடிவே பண்ணாம விட்டாங்களா? ஒரு அப்பன் கேட்டா படிக்கறதுக்கு ஒரு பக்கம் பேப்பர் இருக்கணுமா இல்லையா? நான் ஸ்வீடனையும் நம்ம நாட்டையும் ஒரே தட்டுல வச்சு ரெண்டும் புத்திசாலின்னு வாதாடினேனே, அதுதான் எனக்கு இப்ப கூச்சமா இருக்கு. ரெண்டு பேரும் போடல, அவ்ளோதான் ஒத்துமை.

மாமா அனுப்பின வீடியோ உறுத்தினதும் அதனாலதான். கொழந்தைங்க விஷயத்துல கென்னடி வந்து நின்ன எடம் பாத்தா ஸ்வீடன் 2022ல நின்ன எடத்துக்கு பக்கம்தான். ஆனா அங்க நிபுணர் குழு பேசி, கணக்கு போட்டு வந்தாங்க. இவரு குழு எல்லாத்தையும் தாண்டி போன்ல ஒரு வீடியோ போட்டுட்டு வந்தார், அதுவும் பல வருஷமா எல்லா ஊசி மேலயும் சந்தேகம் கெளப்பின ஆளு. என்னமோ 2017ல கேட்ட ஆடியோ மாதிரியே காதுல விழுந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு மாமாவுக்கு இதைத்தான் எழுதினேன், கொஞ்சம் நீளமா. அவரு பதிலுக்கு, "அக்கா உன்கிட்ட பேசணுமாம்"னு மட்டும் போட்டார்.

அக்காவுக்கு வேற கவலை. அந்த வருஷம் ஜனவரிக் கடைசியிலருந்து மேற்கு டெக்சாஸ்ல தட்டம்மை. ஹூஸ்டன்லருந்து ரொம்ப தூரம்தான், ஆனா ஒரே மாநிலம். 700 பேருக்கு மேல வந்து, ஊசி போடாத பள்ளிக்கூடப் பசங்க ரெண்டு பேர் செத்துட்டாங்க. அவ பசங்களுக்கு ரெண்டு டோஸும் போட்டிருக்கு. தனக்கு போட்டிருக்கான்னுதான் அவளுக்குத் தெரியல. கிரீன் கார்டு க்யூவுலயே காலம் போயிட்டதால, ஊசியெல்லாம் சரி பாக்கற அந்த மெடிக்கல் செக்கப்பும் நடக்கல, கிளினிக்குல போய் கேட்டா உங்க ஊசி ரெக்கார்ட் குடுங்கங்கறாங்களாம். "1983ல பொறந்தவளுக்கு என்னடா ரெக்கார்ட். அம்மாவ கேளு, எனக்கு சின்ன வயசுல தட்டம்மை ஊசி போட்டாங்களான்னு."

ஸ்பீக்கர்ல போட்டேன். அம்மா முறத்தை கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சுச்சு. "ஊசியெல்லாம் இல்ல. உனக்கு மணல்வாரி, அந்தத் தட்டம்மைதான், வந்துச்சே, வேப்பிலைய பரப்பி படுக்க வச்சிருந்தோமே, உங்கப்பன் எளநிக்கு மாரண்டஹள்ளி வரைக்கும் சைக்கிள்ல போச்சே."

"எந்த வருஷம்மா?"

"மாரியம்மனுக்கு ரெண்டு தவலை கூழு ஊத்தினோமே, அந்த வருஷம்."

அதை இங்கிலீஷ்ல டாக்டர் கிட்ட எப்படி சொல்றதுன்னு அக்கா கேட்டா. எனக்கும் தெரியல. கடைசியில ரத்தம் எடுத்து ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு குடுத்தா. அடுத்த வாரம் மெசேஜ் வந்துச்சு.

இருக்குதாம்.